இணையத்தில் ஏற்றுமதி ஆலோசனை: வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி?

ஏற்றுமதி ஆலோசனையை இணையத்தின் வழியே வழங்க முனைபவர், தம் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரும் சந்தேகத்தோடுதான் வருகிறார் என்பதை ஏற்றுக்கொண்டு தொடங்க வேண்டும். பொள்ளாச்சியில் தென்னை நார்ப்பித் (தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரித்தபின் மிஞ்சும் தூள்) கட்டி தயாரிப்பவரோ, ஈரோட்டில் மஞ்சள் அரைப்பவரோ, கரூரில் தறி வைத்திருப்பவரோ ‘எக்ஸ்போர்ட்’ என்று கைபேசியில் ஒரு முறை தேடினால் போதும். ‘30 நாளில் வெளிநாட்டு பையர்’, ‘வீட்டிலிருந்தே லட்சக்கணக்கில் வருமானம்’ என்ற விளம்பரங்கள் அவரைத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். அவற்றில் ஒன்றை நம்பிப் பணம் கட்டி, செல்லாத மின்னஞ்சல் முகவரிகள் நிரம்பிய ஓர் எக்செல் கோப்பை மட்டும் பெற்றுக்கொண்ட ஒருவரையாவது அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஏமாற்றத்தின் நிழல் நேர்மையாகத் தொழில் செய்கிறவர் மீதும் விழுகிறது.

இதற்கு ஓர் அடிப்படைக் காரணம் உண்டு. வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் இருக்கிறது. பட்டயக் கணக்காளருக்கு அவர்களுடைய நிறுவனம் இருக்கிறது. முதலீட்டு ஆலோசகர் செபியிடம் பதிவு செய்தாக வேண்டும். துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் சுங்க முகவருக்கு 2018ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி உரிமம் வேண்டும். ஏற்றுமதி ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை. ஆகவே, ‘இவர் தகுதியானவரா’ என்று வாடிக்கையாளர் கேட்டறிய ஓர் அலுவலகம் கிடையாது. அந்த அலுவலகம் செய்ய வேண்டிய வேலையை ஆலோசகரே செய்துகொடுக்க வேண்டும்: தாம் சொல்லும் ஒவ்வொன்றையும், ஒரு ரூபாய்கூடக் கட்டுவதற்கு முன், வாடிக்கையாளர் தாமாகவே சரிபார்த்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். கீழே எழுதியிருப்பவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவைதான்.

விளம்பரத்துக்கு முன் விதிகளைப் பாருங்கள்

நீங்கள் ஆலோசகராக மட்டுமன்றி வழக்கறிஞராகவோ பட்டயக் கணக்காளராகவோ இருந்தால், முதலில் உங்கள் தொழிலின் விதிகளைப் படித்துவிடுங்கள். இந்திய பார் கவுன்சில் விதிகளின் 36ஆம் விதி வழக்கறிஞர்கள் விளம்பரத்தின் மூலம் வழக்குத் தேடுவதைத் தடுக்கிறது. 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணையும் இதே போன்ற கட்டுப்பாடுகளை விதிக்கிறது. பிற ஆலோசகர்களுக்கு அத்தகைய தடை இல்லை. ஆனால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்த ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. விளம்பரத்தின் பொறுப்புத் துறப்பு, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்கிறது அது. ‘பையர் நிச்சயம்’ என்று பெரிய தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு, ‘முடிவுகள் மாறுபடலாம்’ என்பதை அடியில் பொடி ஆங்கிலத்தில் ஒளித்துவைக்கும் பழக்கம் இதற்கு நேர் எதிரானது. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பொடி எழுத்தைப் பிற்பாடு படிக்க நேரும் வாடிக்கையாளர் அதன் பிறகு உங்கள் எந்த வரியையும் நம்பமாட்டார்.

நீங்கள் யார் என்பதை அவரே கண்டறியட்டும்

இணையதளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் ‘பல்லாண்டு அனுபவம்’, ‘திறமைமிக்க குழு’ என்ற சொற்களைப் படித்து இதுவரை எவரும் மனம் மாறியதில்லை. அந்த இடத்தில் உங்கள் முழுப் பெயர், நேரில் வந்தால் சந்திக்கக்கூடிய முகவரி, எந்த நேரத்தில் தொலைபேசியை எடுப்பீர்கள் என்ற விவரம், ஜி.எஸ்.டி. எண், சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உதயம் பதிவு எண் ஆகியவற்றைக் கொடுங்கள். கொடுப்பதோடு நிறுத்தாமல், அவற்றை எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் எழுதுங்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ‘வரி செலுத்துவோரைத் தேடுக’ என்ற வசதியில் எந்த எண்ணை இட்டாலும் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் உள்ளதா என்பவை தெரிந்துவிடும். எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த அதன் 15 குறிகளில் முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு அது 33. இதை ஒருவர் உங்களிடம் கற்றுக்கொண்டு உங்களையே சோதித்துப் பார்த்தால், அது உங்களுக்குக் கிடைத்த மிக நல்ல விளம்பரம்.

ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதவராக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ‘வருவாய் வரம்புக்குள் இருப்பதால் பதிவு செய்யவில்லை, எனவே கட்டணத்தில் ஜி.எஸ்.டி. சேர்க்கப்படாது’ என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், மறைக்கிறீர்கள் என்றே பொருள் கொள்ளப்படும்.

பணம் செல்லும் கணக்கின் பெயரும் இதைப் போன்றதே. யு.பி.ஐ. வழியே பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயர் திரையில் தோன்றும். இணையதளத்தில் ஒரு நிறுவனப் பெயர், விலைப்புள்ளியில் வேறொரு பெயர், பணம் போகும் கணக்கில் மைத்துனரின் பெயர் என்று இருந்தால், அந்த ஒரு நொடியில் வாடிக்கையாளரின் விரல் தயங்கி நிற்கும். நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்குத் தொடங்கி, எல்லா இடத்திலும் அதே பெயரைப் பயன்படுத்துங்கள். சொந்த டொமைனில் மின்னஞ்சல் வைத்துக்கொள்வதும் நல்லது. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை அது.

எதில் ஆழமோ, அதை மட்டும் எழுதுங்கள்

துணி, மசாலா, கிரானைட், மென்பொருள், முட்டை ஆகிய அனைத்துக்கும் ஆலோசனை தருவதாகச் சொல்பவரை எந்தத் துறைக்காரரும் தம் ஆளாகக் கருதுவதில்லை. தென்னை நார்ப்பித்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஓர் ஆலோசகர் என்ன எழுதலாம் என்று பாருங்கள். பித்தில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. மதிப்பு ஏன் முக்கியம், மண்ணில்லா வேளாண்மைக்கு வாங்கும் ஐரோப்பியத் தோட்டக்காரர் கழுவிய பித்தை ஏன் கேட்கிறார், 5 கிலோ கட்டியின் ஈரப்பதம் கூடினால் கன்டெய்னருக்குள் என்ன ஆகும், தாவர நலச் சான்றிதழை எந்தக் கட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தூத்துக்குடியா கொச்சியா என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்று அவர் எழுதலாம். இவற்றைப் படிக்கும் பொள்ளாச்சி யூனிட் உரிமையாளர், தாம் அன்றாடம் கையாளும் பொருளைப் பற்றியே பேசுகிறார் என்பதால், சரியா தவறா என்பதைத் தம் அனுபவத்தைக் கொண்டே எடைபோட முடிகிறது. பொதுவான ஊக்க உரைகளை அவரால் எடைபோட முடியாது; எனவே அவற்றால் நம்பிக்கையும் பிறப்பதில்லை.

‘எல்லாவற்றையும் இலவசமாக எழுதிவிட்டால் யார் பணம் கொடுத்து வருவார்கள்?’ என்று தொழிலுக்குப் புதியவர்கள் கேட்பார்கள். நியாயமான கவலைதான், ஆனால் நடைமுறை வேறு. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை, அதாவது ஐ.இ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி எவரும் தாமே விண்ணப்பிக்கலாம். பான் எண்ணே ஐ.இ.சி. எண்ணாக வந்துவிடுகிறது. ஆனால், இதற்குப் பல ஆயிரம் ரூபாய் வாங்குவோர் இருக்கிறார்கள். வாங்குவதில் தவறில்லை, அரசுக் கட்டணம் எவ்வளவு என்பதை மறைத்து வாங்குவதுதான் தவறு. ‘ஐ.இ.சி.யை நீங்களே எடுக்கலாம், அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான், வழிமுறை இதோ. நேரமில்லை என்றால் நாங்கள் செய்துதருவோம், எங்கள் கட்டணம் இவ்வளவு’ என்று எழுதுங்கள். ஜி.எஸ்.டி.யில் ஒருங்கிணைந்த வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிப் பத்திரமும், எல்.யு.டி. என்று எல்லாரும் அழைப்பது, கட்டணமின்றித் தாக்கல் செய்யக்கூடியதே. இந்த இரண்டையும் வெளிப்படையாகச் சொன்னவரிடம் எச்.எஸ். குறியீடு (பொருளைச் சுங்கத்துக்காக வகைப்படுத்தும் எண்), பணம் பெறும் நிபந்தனை, பையரின் ஒப்பந்தம் போன்ற உண்மையான சிக்கல்களுக்கு வாடிக்கையாளர் திரும்பி வருகிறார். எளிய வேலையில் ஏய்க்காதவர் கடினமான வேலையிலும் ஏய்க்கமாட்டார் என்று அவர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு சரியானதுதான்.

எழுதியவற்றைப் புதுப்பிப்பதும் இதன் ஒரு பகுதியே. ஏற்றுமதியாளர்களுக்கு அரசு தந்துவந்த எம்.இ.ஐ.எஸ். சலுகை முடிந்து, 2021 ஜனவரி 1 முதல், ஏற்றுமதிப் பொருள்கள் மீதான வரிகளைத் திருப்பித் தரும் ரோட்டெப் திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்றும் எம்.இ.ஐ.எஸ். கிடைக்கும் என்று எழுதி வைத்திருக்கும் பக்கத்தைப் பார்க்கும் ஒரு விவரமறிந்த ஏற்றுமதியாளர் அடுத்த வரியைப் படிக்கமாட்டார். ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலும் ‘கடைசியாகச் சரிபார்த்த தேதி’ என்று குறிப்பிடுங்கள். மாறிப்போனதை அடித்துத் திருத்தி, என்ன மாறியது என்று ஒரு வரி சேருங்கள். சரக்கு திரும்பி வந்த கதைகளையும் எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020ஆம் ஆண்டு இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு எச்சம் கண்டறியப்பட்டுச் சரக்குகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குப் பின் பரிசோதனைகள் கடுமையாயின. அங்கே எள்ளுக்கான வரம்பு ஒரு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே. இந்த ஒரு செய்தியை விளக்கி, அனுப்புவதற்கு முன் எந்தப் பரிசோதனையை எந்தக் கட்டத்தில் செய்ய வேண்டும் என்று எழுதினால், வெற்றிக் கதைகள் பத்துக்கு அது ஈடாகும்.

முதல் விசாரணைக்கு எழுதும் பதில்

என் பார்வையில், நம்பிக்கை கிடைப்பதும் போவதும் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான். விசாரணைகள் பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பில், இப்படித்தான் வரும்:

“அண்ணா வணக்கம். உடுமலைப்பேட்டை பக்கம் பித் பிளாக் யூனிட் வெச்சிருக்கோம். இப்ப லோக்கல் ட்ரேடருக்குத்தான் குடுக்கறோம். நேரா வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுமா? உங்க ஃபீஸ் எவ்வளவு?”

இதற்கு ஒரு வண்ணப் பிரசுரத்தையும் ‘கால் பண்ணுங்க சார், டீட்டெயிலா பேசலாம்’ என்ற வரியையும் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. கேட்ட இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அதில் பதில் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

“வணக்கங்க. அனுப்ப முடியும். ஆனால் இப்போதே அது உங்களுக்கு லாபமா என்று சொல்ல நான்கு விவரங்கள் வேண்டும்: மாதம் எத்தனை டன் வருகிறது, கழுவிய பித்தா கழுவாததா, ஈ.சி. பரிசோதனை எப்போதாவது செய்திருக்கிறீர்களா, ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறதா? 40 அடி கன்டெய்னர் ஒன்றுக்குச் சுமார் 24 டன் தேவைப்படும். மாதம் அந்த அளவு சேரவில்லை என்றால், இப்போதைக்கு உங்கள் ட்ரேடரிடமே கொடுப்பது நல்லதாக இருக்கலாம். கட்டணப் பட்டியலை இத்துடன் அனுப்புகிறேன். அதில் உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை விவரம் பார்த்த பிறகு சொல்கிறேன். அதுவரை எதுவும் கட்ட வேண்டாங்க.”

இந்தப் பதிலில், வேலை கிடைக்காமல் போகக்கூடிய ஒரு வாய்ப்பை ஆலோசகரே முன்வந்து சொல்கிறார். ‘உங்கள் ட்ரேடரே போதும்’ என்று சொல்லத் துணிந்தவர், பிறகு ‘உங்களால் முடியும்’ என்று சொல்லும்போது அச்சொல்லுக்கு எடை கூடுகிறது. கேட்ட நான்கு விவரங்களும் துறையை அறிந்தவர் மட்டுமே கேட்கக்கூடியவை என்பதையும் அவர் உணர்வார். பதிலை அன்றே எழுத முடியாவிட்டால், எப்போது எழுதுவீர்கள் என்பதையாவது அன்றே தெரிவித்துவிடுங்கள். அவர் கேட்காமலே மறுநாளும் அதற்கு மறுநாளும் ‘என்ன முடிவு செய்தீர்கள்?’ என்று துரத்த வேண்டாம். பண விஷயத்தில் அவசரப்படுத்துகிறவரை நம் ஊரில் எவரும் நம்புவதில்லை.

செய்ய முடியாததை முதலில் சொல்லுங்கள்

பையரைக் கண்டுபிடித்துத் தருவதாக உறுதியளிக்க எந்த ஆலோசகராலும் முடியாது. கண்காட்சிகளைப் பரிந்துரைக்கலாம், வர்த்தகத் தரவுகளைப் படித்து எந்த நாட்டில் தேவை இருக்கிறது என்று காட்டலாம், மின்னஞ்சல் எழுதித் தரலாம், வந்த பையரின் பின்னணியை விசாரிக்கலாம். வாங்குவதும் வாங்காததும் பையரின் கையில். அதற்கு மேல், எவர் கையிலும் இல்லாதவை பல உண்டு. 2023 டிசம்பரில் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கியபோது, கப்பல் கட்டணத்தையும் தாமே ஏற்பதாக அதற்கு முன் விலை பேசிவிட்டவர்களின் லாபம் கட்டணத்திலேயே கரைந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீதம் வரை வரி விதித்தபோது திருப்பூரின் ஆர்டர்கள் தடுமாறின. இவற்றை எந்த ஆலோசகரும் முன்கூட்டித் தடுத்திருக்க முடியாது.

ஆகவே, உங்கள் சேவைப் பக்கத்திலேயே ‘எங்களால் முடியாதவை’ என்று ஒரு பகுதியை வைத்துவிடுங்கள். பையர் உறுதி இல்லை. லாப உறுதி இல்லை. சுங்க முகவர் உரிமம் எங்களிடம் இல்லை, எனவே சரக்கை விடுவிக்கும் வேலையை உரிமம் பெற்ற முகவர் வழியேதான் செய்வோம். பணம் வராமல் போகும் அபாயத்துக்கு 1957 முதல் இயங்கிவரும் இ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனத்தின் காப்பீட்டைப் பரிந்துரைப்போம், ஆனால் இழப்பீடு கிடைப்பது அந்நிறுவனத்தின் விதிகளைப் பொறுத்தது என்று தெளிவாக எழுதுங்கள். இந்தப் பகுதியைப் படித்துவிட்டுச் சிலர் விலகிப்போவார்கள். அவர்கள் உறுதிமொழியைத் தேடி வந்தவர்கள். உங்களிடம் சேர்ந்திருந்தால் ஆறு மாதத்தில் சண்டையில்தான் முடிந்திருக்கும்.

கட்டணம்

கட்டணத்தை இணையதளத்தில் வெளியிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ‘அழைத்தால் சொல்வோம்’ என்பது, ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் என்ற எண்ணத்தைத்தான் உண்டாக்கும். ஒவ்வொரு வேலைக்கும் அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கட்டணம் எவ்வளவு, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டா என்று மூன்றையும் தனித்தனியே காட்டுங்கள். வரிப்பிடித்தம் செய்யும் கடமையுள்ள நிறுவனம் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு செலுத்தும் என்பதை நீங்களே விலைப்புள்ளியில் குறிப்பிட்டுவிட்டால், பணம் வரும் நாளில் வாக்குவாதம் எழாது.

முழுப் பணத்தையும் முன்கூட்டி வாங்காமல், வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வாடிக்கையாளரின் கையில் ஒரு பொருள் இருக்கும்படி செய்யுங்கள். முதல் கட்டத்தின் முடிவில் அவருக்கு எழுத்து வடிவில் ஓர் அறிக்கை கிடைக்க வேண்டும்: பொருளுக்குரிய எட்டு இலக்கக் குறியீடு, தேவையான பதிவுகள், எந்த நாட்டில் என்ன தரக்கட்டுப்பாடு, செலவுக் கணக்கு. அத்துடன் நிறுத்திக்கொள்ள விரும்பினால் அவர் நிறுத்திக்கொள்ளலாம். அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு வேறொருவரிடமும் போகலாம். இந்தச் சுதந்திரத்தை எழுதிக் கொடுத்தால் போகிறவர்கள் குறைவு.

கமிஷன் பற்றி ஒரு வார்த்தை. சரக்கு அனுப்பும் நிறுவனமோ பரிசோதனைக் கூடமோ, நீங்கள் பரிந்துரைத்ததற்காக உங்களுக்குத் தரகு தந்தால், அதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். ஓர் ஏற்றுமதியாளர் இரண்டாவது கன்டெய்னருக்குத் தாமே கட்டணம் விசாரிப்பார். வித்தியாசம் எங்கே போனது என்பது அப்போது தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் வாங்காமலே இருப்பது நல்லது. வாங்குவதானால், மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகளை அவரிடம் கொடுத்து, எதில் உங்களுக்குத் தரகு உண்டு என்பதைக் குறித்து, தேர்வை அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தாள் தேடி ஓட வேண்டியதில்லை. மின்னஞ்சலில் நிபந்தனைகளை அனுப்பி, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அவர் பதில் எழுதினாலே, மின்னணு வடிவில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக அந்த ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு அதை உறுதி செய்கிறது. ஆனால் அவர் தமிழில் பேசி, தமிழில் விளம்பரம் படித்து வந்தவர் என்றால், நிபந்தனைகளையும் தமிழிலேயே எழுதுங்கள்.

பிறர் தரும் சான்று

பாராட்டுரைகளை நீங்களே எழுதிப் பெயர் போட்டுக்கொள்வது வெளியில் தெரியாது என்று நினைக்க வேண்டாம். எல்லாப் பாராட்டுகளும் ஒரே நடையில் இருப்பதைப் படிப்பவர் கண்டுகொள்கிறார். சலுகை தந்து விமர்சனம் எழுதவைப்பதைக் கூகுள் அனுமதிப்பதில்லை. மேற்சொன்ன 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களும், ஒருவர் தரும் பரிந்துரை அவருடைய உண்மையான, அண்மைக்காலக் கருத்தாக இருக்க வேண்டும் என்கின்றன. வங்கியில் டாலர் வரவான குறுஞ்செய்தியின் படத்தைப் போடுவதையும் தவிருங்கள். அது எதையும் நிரூபிப்பதில்லை. வேறொருவரின் வரவை இப்படி ஊருக்குக் காட்டுகிறவர் நாளை நம் வரவையும் காட்டுவார் என்ற அச்சத்தைத்தான் விதைக்கும்.

எழுத்தில் அனுமதி பெற்று ஒரு வாடிக்கையாளரின் அனுபவத்தை எழுதும்போது, தொடக்கத்தில் நிலைமை என்ன, எங்கே தடை வந்தது, எத்தனை மாதம் பிடித்தது, எதிர்பார்த்ததில் எது நடக்கவில்லை என்பவற்றைச் சேர்த்து எழுதுங்கள். முதல் மாதிரி நிராகரிக்கப்பட்டது என்று எழுதினால் உங்கள் மதிப்பு குறையாது. வெளிநாட்டு பையரின் பெயரை மட்டும் எழுதவே வேண்டாம்; அது உங்கள் வாடிக்கையாளரின் சொத்து. பேச ஒப்புக்கொண்ட பழைய வாடிக்கையாளர் இரண்டு பேரின் எண்ணை, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, புதியவருக்குக் கொடுப்பது எந்தக் காணொளிச் சான்றையும்விடப் பலன் தரும்.

கடவுச்சொல்லும் டோக்கனும்

சிறு தொழில்முனைவோர் ஆலோசகர்கள் மீது வைத்திருக்கும் மிகக் கசப்பான குறை இங்கேதான் இருக்கிறது. ஐ.இ.சி. எடுத்துத் தருகிறேன் என்று சொன்னவர், வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் தம் கைபேசி எண்ணையும் தம் மின்னஞ்சலையும் போட்டுக் கணக்குத் திறந்துவிடுவார். ஓ.டி.பி. எல்லாம் அவருக்கே போகும். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் ஐ.இ.சி. விவரங்களை, மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும், உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் எண் செயலிழக்கும். அந்த நேரத்தில் ஆலோசகர் தொலைபேசியை எடுக்காவிட்டால், சரக்கு தயாராக இருந்தும் உரிமையாளர் தம் சொந்தக் கணக்குக்குள் நுழைய முடியாமல் வாசலில் நிற்க வேண்டியதுதான். டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய யு.எஸ்.பி. டோக்கனை ஆலோசகரின் மேசை இழுப்பறையிலேயே விட்டுவைப்பதும் இத்தகையதே. அது உரிமையாளரின் கையெழுத்தை வேறொருவரிடம் விட்டுவைப்பதாகும்.

எனவே, விளம்பரத்திலேயே இந்த வாக்கியத்தைச் சேருங்கள்: ‘எல்லா அரசுக் கணக்குகளும் உங்கள் எண்ணில், உங்கள் மின்னஞ்சலில் திறக்கப்படும், கடவுச்சொல்லை நீங்களே அமைப்பீர்கள், டோக்கன் உங்களிடமே இருக்கும்.’ திரையைப் பகிர்ந்துகொண்டு, அவர் கையாலேயே ஓ.டி.பி.யை இடவைத்து வேலையை முடிக்கலாம். அரை மணி நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். ஆதார் நகல் தேவைப்பட்டால் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள். அது எங்கே போதாது என்பதை அந்தந்த இடத்தில் விளக்குங்கள். வாங்கிய ஆவணங்களை எங்கே வைத்திருப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் தனிச் சட்டமே வந்துவிட்ட காலத்தில், அலுவலக வாட்ஸ்ஆப் குழுவில் வாடிக்கையாளரின் பான் அட்டை உலவுவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

வேலை முடிந்த பிறகு

வேலை முடிந்ததும் எல்லா ஆவணங்களையும் ஒரே கோப்புறையில் சேர்த்து, ஒரு பக்கப் பட்டியலோடு ஒப்படையுங்கள். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பதிவின் எண், எந்த இணையதளம், எந்தக் கைபேசி எண்ணோடு இணைந்தது, அடுத்து எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பவை இருக்கட்டும். எல்.யு.டி. நிதியாண்டோடு முடிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு மார்ச் மாதமும் பழைய வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், ஏப்ரலில் ஐ.இ.சி. பற்றி இன்னொன்று. இரண்டிலும், அதைத் தாமே செய்துகொள்ளும் வழியை முதலில் எழுதி, உங்கள் கட்டணத்தைக் கீழே குறிப்பிடுங்கள். வேறோர் ஆலோசகரிடம் போய்விட்டவருக்கும் இதை அனுப்பலாம், அவர் வேண்டாம் என்று சொல்லாத வரை. புதிய ஆலோசகர் பழைய ஷிப்பிங் பில் (சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் ஏற்றுமதி ஆவணம்) நகலோ பரிசோதனை அறிக்கையோ கேட்டு எழுதினால், வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு அன்றே அனுப்பிவிடுங்கள். அதற்குக் கட்டணம் வாங்க வேண்டாம்.